ஒற்றை நட்சத்திரம்

முதல் தடவை நான் ஒன்றும் நினைக்கவில்லை.
பீட்டர்பரோவில் ஒரு வியாழன் இரவு,
மழை, பதினொன்று இருபது.
பிள்ளைகள் காப்பகத்தின் வாசலில் அல்ல,
இரண்டு வீடு தள்ளி
தபால் பெட்டியடியில் நின்றாள்.
செயலியில் பயணியின் பெயர் லியம்.
ஏறியது லியம் இல்லை.
"அவன் காசு கட்டிட்டான்" என்றாள்
நான் எதுவும் கேட்காமலே.

இரண்டாம் தடவையும் அதே தபால் பெட்டி.
அதே விடுதி, நெடுஞ்சாலையோரம்,
லொறிகள் தூங்குகிற இடம்.
புது நகங்கள். புதுக் கைபேசி.
காலில் மட்டும் பள்ளிச் சப்பாத்து,
குதிப்பக்கம் மிதித்து மிதித்து நசுங்கியது.
கண்ணாடியில் பார்த்தேன்.
பார்த்துவிட்டு
வீதியைப் பார்த்தேன்.
எனக்குச் சேர்ந்தது ஒன்பது பவுண் நாற்பது.
அதில் பாணும் பாலும் வாங்கினேன்,
இதையும் எழுதத்தான் வேண்டும்.

மற்றவனுக்கு விளங்காமல் போகலாம்.
எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.
தொண்ணூற்றெட்டில் என்னையும்
யாரோ காசு கட்டித்தான் ஏற்றினார்கள்.
கியேவுக்கு வெளியே ஒரே அறை,
யன்னல் முழுக்கப் பத்திரிகை ஒட்டி,
பதினாறு பேர்.
ஏஜென்சிக்காரன் சிரித்துச் சிரித்துக் கதைப்பான்,
தம்பி என்பான், சிகரெட் நீட்டுவான்,
எங்கள் பாஸ்போட்டெல்லாம் அவன் பெட்டியில்.
பதினாறில் ஒருத்தி சுகிர்தா.
பின்னேரங்களில் அவளை மட்டும்
"விசா விசயம் கதைக்க வேணும்" என்று
பக்கத்து அறைக்குக் கூப்பிடுவான்.
நாங்கள் பதினைந்து ஆம்பிளைகள்
சீட்டு விளையாடினோம்.
என் கையில் நல்ல துரும்பு இருந்தது.
ஒரு துரும்பையும் நான் கிள்ளிப் போடவில்லை.

மூன்றாம் தடவை
செயலியில் வேறு பெயர், தபால் பெட்டி மாறவில்லை.
கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.
சாப்பிட்டாயா என்று கேட்டேன்.
என்னிடமிருந்த ஆங்கிலத்தில்
அதைவிட நல்ல கேள்வி இல்லை.
அவள் பதில் சொல்லமுன் கைபேசி அடித்தது.
எங்கே நிற்கிறாய் கண்ணே என்றது ஒரு குரல்.
அதட்டவில்லை. கெஞ்சவுமில்லை.
சிரித்துச் சிரித்துக் கதைத்தது.

வட்டச்சந்தியில் திரும்ப வேண்டிய இடத்தில்
நான் திரும்பவில்லை.
அந்த நேரத்தில் ஊரிலேயே வெளிச்சமான இடம்
பெற்றோல் நிலையம்தான்.
நாலு கமராவுக்கும் நடுவில் நிறுத்தி
கதவு பூட்டவில்லை, பார், என்றேன்,
இறங்கிப் போவதென்றால் போகலாம்,
நான் பொலிசைக் கூப்பிடப் போகிறேன்.
வயது என்ன இருக்கும் என்று கேட்டார்கள்.
சப்பாத்தைப் பார்த்துச் சொன்னேன்.

பத்தொன்பது நிமிடம்.
அவ்வளவும் எனக்கு ஏச்சு.
அவன் என்னை விரும்புகிறான், நீ யார்,
கிழட்டுப் பன்றி, நீ யார்?
இறங்கி ரயர் காற்றுக் குழாய்வரை நடந்தாள்,
மழைக்குத் திரும்பி வந்தாள்.
கடையில் நின்ற போலந்துக்காரி
சூடாக ஒரு சொசேஜ் ரோல் கொண்டுவந்து
காசு வேண்டாம் என்று தலையாட்டிப் போனாள்.
அதை எறியப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.
தின்றாள். கோபத்தோடு,
கடதாசியில் ஒட்டியதையும் வழித்து.

வந்த பொலிஸ்காரி ஈரத்தில் முழந்தாளிட்டு
முதலில் பெயரைக் கேட்டாள்.
மூன்று பயணம் ஏற்றிய நான்
கேட்காமல் விட்டது.
அவள் சொன்னாள்.
மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

விடியப் பார்த்தால் செயலியில்
எனக்கு ஒற்றை நட்சத்திரம்.
"சாரதி பாதை மாறினார்."
யார் போட்டதென்று தெரியாது,
அவனா, அவளா.
விசாரணை என்று நாலு நாள் வேலை இல்லை.
மனைவி கணக்குக் கொப்பியை மூடிவைத்து
அந்தப் பிள்ளை இப்ப எங்கே என்றாள்.
சொல்லமாட்டார்களாம்.

வியாழன்களில் அந்தத் தெருவால்தான் போகிறேன்.
தபால் பெட்டியடியில் ஒருவரும் இல்லை.
அது நல்ல செய்தியா,
அல்லது வேறொரு தபால் பெட்டியா?
ஏறுகிறவர்களிடம் பெயர் கேட்கிறேன்.
சிலருக்குப் பிடிக்காது.
கண்ணாடியில் பார்க்கிறேன்,
பார்த்துவிட்டு
மறுபடியும் பார்க்கிறேன்.